கராஜ் கேள்வி–பதில்: பைக் எஞ்சினில் ஒரு கார்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் போட்டு வீட்டு வளவிலேயே ஒரு சின்னக் கார் கட்ட முடியுமா? முடியும். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணை, வெளிநாட்டில் 1000 சிசி பைக் எஞ்சின் போட்டு வீட்டிலேயே கார் செய்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை கன நாளாக இருக்கிறது. அப்படி ஒரு எஞ்சினை இங்கே எப்படி எடுக்கலாம்? என்னிடம் இருப்பது விபத்தில் அடிபட்ட ஒரு 150 சிசி பைக்தான். எஞ்சின் நல்லாக ஓடுகிறது. (உப்புவெளி)

பதில்: தம்பி, உங்கள் கடிதம் முழுக்க எஞ்சினைப் பற்றித்தான் இருக்கிறது, எடையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நீங்கள் பார்த்த அந்தக் கார்கள் ஓடுவதற்கு முதல் காரணமே எடைதான், ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

அந்த வடிவத்துக்கெல்லாம் தாய் 1957இல் பிரிட்டனில் வந்த லோட்டஸ் செவன். கதவு இல்லை, கூரை என்றால் துணி, உள்ளே இரண்டு கதிரை, அவ்வளவுதான். எடை 500 கிலோவுக்கும் குறைவு. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் அந்த நாட்டில் அப்போது கொள்வனவு வரி கட்டத் தேவையில்லை என்பதால் கன பேர் அப்படியே வாங்கினார்கள். 1973இல் கேட்டர்ஹாம் என்ற கம்பனி அந்தக் காரைத் தொடர்ந்து செய்ய உரிமை எடுத்தது. பிறகு 1990களில், அந்தப் பாகத் தொகுதியை (கிட்) வாங்கக் காசில்லாதவர்கள் சதுர இரும்புக் குழாயை வெட்டி ஒட்டி, பழைய ஃபோர்ட் எஸ்கோர்ட்டின் அச்சையும் பிரேக்கையும் போட்டு அதே மாதிரிச் செய்யத் தொடங்கினார்கள். அதை லோகாஸ்ட் என்று சொல்வார்கள். 1998இல் யமஹா ஆர்1 வந்தது. 998 சிசி, 150 குதிரைவலு, கியர்பெட்டியும் எஞ்சினோடு ஒரே கட்டியாக. அதை ஒருவர் இருவராகத் தூக்கி வைத்துவிடலாம், கார் எஞ்சினோடு பார்த்தால் பாதி எடையும் வராது.

அந்த எஞ்சின் நமக்குக் கிடைக்கப்போவதில்லை, கிடைத்தாலும் இந்த ஊரில் உதிரிப்பாகம் தேடியே ஆயுள் போய்விடும். ஆனால் அதற்கும் முந்திய கதை ஒன்று இருக்கிறது, நமக்குப் பொருந்துவது அதுதான். 1946, யுத்தம் முடிந்த கையோடு பிரிட்டனில் எதுவுமே வாங்கக் கிடைக்காத காலம். கூப்பர் என்ற கராஜ்காரக் குடும்பம் இரண்டு பழைய ஃபியட் டொபொலினோ கார்களின் முன்பாதிகளை எடுத்து, ஒன்றை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்கும் வைத்து ஒட்டி, ஜாப் (J.A.P.) என்ற கம்பனியின் 500 சிசி பைக் எஞ்சினைப் போட்டது. எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தார்கள். ஏனென்றால் பின் சக்கரத்துக்குப் போவது செயின், செயின் எட்ட வேண்டும். 1948இல், பின்னாளில் பேர்போன பந்தய ஓட்டுநரான ஸ்டேர்லிங் மொஸ் பந்தய ஓட்டத்தைத் தொடங்கியது அப்படி ஒரு 500 சிசி கூப்பரில்தான். பின்னால் எஞ்சின் வைக்கும் அதே வழக்கத்தோடு ஜாக் பிராபம் 1959இலும் 1960இலும் கூப்பர் காரில் கார்ப் பந்தய உலகச் சம்பியன் ஆனார். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை தனியார் கார் உள்ளே வராமல் இருந்த இலங்கையில் இருக்கும் நமக்கு, இல்லாத காலத்தில் இருப்பதை வைத்துச் செய்த இந்தக் கதை புதிதாக இருக்காது.

சரி, உங்கள் 150 சிசிக்கு வருவோம். வலு போதுமா? 1955இல் ஜேர்மனியில் பிஎம்டபிள்யூ விற்ற இசெட்டா என்ற சின்னக் காரில் இருந்தது 247 சிசி பைக் எஞ்சின், 12 குதிரைவலு. இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு மணிக்கு 85 கிலோமீற்றர் போகும். இன்றைய 150 சிசி எஞ்சின்கள் பல அதே அளவு வலு தருகின்றன. ஆனால் அந்த வலு மேலே, அதிக சுற்றில்தான் வரும், கீழே இழுவை குறைவு. அதனால் கணக்கைச் செயினில் செய்ய வேண்டும்.

பைக் 145 கிலோ, நீங்கள் 70 கிலோ என்றால் மொத்தம் 215. கட்டப்போகும் கார் உங்களோடு சேர்த்து 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பாரம் ஏறக்குறைய 1.6 மடங்கு. அப்படியென்றால் எஞ்சினிலிருந்து சக்கரம் வரையான கியர் விகிதமும் 1.6 மடங்கு கூட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் கிளட்ச் வேகும், ஒரு வாரத்தில் தட்டுக் கருகின மணம் வரும். இதில் ஒரு பங்கை டயரே செய்துவிடும். பைக்கின் 100/90-17 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.92 மீற்றர் போகும், சின்னக் காரின் 145/80 ஆர் 12 டயர் 1.69 மீற்றர்தான் போகும். அதில் 1.14 மடங்கு கிடைத்துவிட்டது. மிச்சம் 1.4 மடங்கு. உங்கள் பைக்கில் முன் ஸ்பொக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) 15 பல், பின் 42 பல் என்றால் விகிதம் 2.8. அதை 1.4 ஆல் பெருக்கினால் 3.92. முன்னுக்கு 13, பின்னுக்கு 51 போட்டால் சரியாக அது வரும். பைக்கில் 110 போனது காரில் 70க்குக் கிட்டத்தான் போகும். அந்த எஞ்சினால் சுகமாக இழுக்கக்கூடிய வேகம் அதுதான், மனதைத் தளரவிட வேண்டாம். தரையோடு தரையாக, காற்று முகத்தில் அடிக்க இருந்து ஓட்டும்போது 60 என்பதே பெரிய வேகம்.

இந்தக் கணக்கு முழுவதும் 350 கிலோவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. 25க்கு 25 மிமீ பொக்ஸ் பார், 1.6 மிமீ தடிப்பு, மீற்றருக்கு 1.18 கிலோ. சட்டகத்துக்கு 40 மீற்றர் போகும் என்றால் 47 கிலோ. "எதற்கும் பலமாக இருக்கட்டும்" என்று 3 மிமீ வாங்கினால் அது 83 கிலோ. ஒரு பொம்பிளைப் பிள்ளையைக் கூட ஏற்றிக்கொண்டு போவதற்கான எடையில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விட்டது, பலம் என்னவோ தடிப்பால் வருவதில்லை, முக்கோணத்தால் வருகிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் நாலு ஈர்க்கை எடுத்து மூலைகளில் நூலால் கட்டிச் சதுரம் செய்து தள்ளிப் பாருங்கள், சரிந்துவிடும். குறுக்கே இன்னொரு ஈர்க்கைக் கட்டித் தள்ளுங்கள், அசையாது. உண்மையில் நான் சொல்வது, இரும்பு வாங்கும் முன் முழுச் சட்டகத்தையும் ஐந்தில் ஒரு பங்கு அளவில் ஈர்க்கால் கட்டுங்கள். முன்னையும் பின்னையும் பிடித்து முறுக்குங்கள். எந்த இடம் நெளிகிறதோ அங்கே ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும். இரண்டு நாள் மினக்கெட்டால் போதும், காசும் செலவில்லை.

கேள்வி: பைக் எஞ்சினில் ரிவேர்ஸ் இல்லையே, என்ன செய்வது? இறங்கித் தள்ளுவதா? (கிண்ணியா)

பதில்: 300 கிலோ வண்டியை மட்டமான நிலத்தில் ஒருவரே தள்ளிவிடலாம், ஆரம்பத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஓட்டோவைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பஜாஜ் ஓட்டோவின் எஞ்சினோடு கியர்பெட்டி, டிஃபரென்ஷியல் (வளைவில் இரண்டு பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் பகுதி), ரிவேர்ஸ் எல்லாம் ஒரே கட்டியில் வருகிறது. பின்னால் பூட்டுவதற்கென்றே செய்தது. குளிர்விக்கக் காற்றாடியும் கூடவே இருக்கிறது. பத்துக் குதிரைவலுவுக்குக் கிட்டத்தான் தரும், ஆனால் அதைத் திருத்தத் தெரிந்தவர் ஒவ்வொரு சந்தியிலும் இருக்கிறார். அதே கம்பனியின் கியூட் என்ற சின்ன நாலு சக்கர வண்டியையும் நம் வீதிகளில் பார்த்திருப்பீர்கள், 216 சிசி, சுமார் 400 கிலோ, 70க்கு மேல் போகாது. ஆக இந்த வழி ஓடும் வழிதான். முதல் தடவை கட்டுபவர் யாராக இருந்தாலும், 150 சிசி பைக் கையில் இல்லையென்றால், நான் ஓட்டோ எஞ்சினைத்தான் சொல்வேன்.

1955இல் வந்த மெஸ்ஸர்ஷ்மிட் கேஆர்200 என்ற சின்ன வண்டி ரிவேர்ஸுக்கு வேறொரு வழி கண்டது. அதில் இருந்தது 191 சிசி டூ ஸ்ட்ரோக். எஞ்சினை நிறுத்தி, எதிர்த் திசையில் சுற்றும்படி மறுபடி ஸ்டார்ட் செய்தால் நாலு கியரிலும் பின்னுக்குப் போகும். எவ்வளவு அழகான யோசனை! ஃபோர் ஸ்ட்ரோக்கில் அது நடக்காது, வால்வின் நேரம் முழுக்க மாறிப்போகும்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் கேட், கிறில் அடிக்கும் பாஸ் ஒருவர் இருக்கிறார். வேலை மிகச் சுத்தம், ஒட்டின இடமே தெரியாது. அவரிடம் சட்டகத்தைக் கொடுக்கலாமா? (சீனக்குடா)

பதில்: "ஒட்டின இடமே தெரியாது" என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்குப் பயம் வருவதே அந்த இடத்தில்தான்.

நான் முதன்முதல் கட்டிய வண்டியின் சட்டகத்தை ஒரு பட்டறையில்தான் கொடுத்தேன். பளிங்கு மாதிரி வந்தது. எல்லாப் பொருத்தையும் கிரைண்டரால் மினுக்கி, பூச்சும் அடித்துத் தந்தார்கள். மூன்றாம் நாள் வளவுக்குள்ளே, ஓடுகிற வேகம் 20கூட இருக்காது, முன் இடது சக்கரத்தைச் சட்டகத்தோடு சேர்க்கும் கீழ்க் கையைப் பிடிக்கும் பிடி கழன்று சக்கரம் உள்ளே மடிந்துவிட்டது. தென்னை மரத்தில் போய் நின்றேன். என் தங்கையின் மகன் பக்கத்துக் கதிரையில் இருந்தான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அந்தப் பிடியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது என் கை நடுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஒட்டு இரும்புக்குள் இறங்கவே இல்லை. மேலே ஒரு கோடாகப் படிந்திருந்தது, அந்தக் கோட்டிலும் முக்கால்வாசியைக் கிரைண்டர் தின்றுவிட்டது.

கேட் விழுந்தால் திரும்பவும் மாட்டலாம். கேட்டில் ஒட்டு அழகாக இருக்க வேண்டும், காரில் ஆழமாக இருக்க வேண்டும். அந்த பாஸுக்குக் கைவேலை தெரியும், அதில் சந்தேகமில்லை, ஆகவே அவரிடமே கொடுங்கள், ஆனால் மூன்று விஷயத்தை நேரே சொல்லிக் கொடுங்கள். ஒட்டின மேட்டைச் சீவக்கூடாது. குழாய்கள் இடைவெளி இல்லாமல் பொருந்திய பிறகே ஒட்ட வேண்டும், இடைவெளியைக் கம்பி வைத்து நிரப்பக்கூடாது. 1.6 மிமீ குழாய்க்கு 2 மிமீ ரொட் போதும், கரண்ட் 40 முதல் 50 அம்பியர். தடித்த ரொட்டைப் போட்டு ஓட்டை விழுந்து, பிறகு ஓட்டையை அடைப்பதுதான் நம் ஊர்ப் பட்டறைகளில் வழக்கமாகிப்போன பிழை. கம்பி தானாக வரும் மிக் வெல்டிங் இருந்தால் 0.8 மிமீ கம்பியோடு இன்னும் நல்லது.

முதலில் அதே குழாயில் ஆறு ஏழு துண்டுகளை டி வடிவில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒன்றை நடுவால் அறுத்து உள்ளே பாருங்கள், இரண்டு இரும்பும் ஒன்றாகிக் கலந்திருக்க வேண்டும். மற்றதை வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடித்து மடக்குங்கள். குழாய் நெளிந்து, பிறகு ஒட்டுக்குப் பக்கத்தில் கிழிந்தால் நம்பலாம். ஒட்டே கழன்றால் அன்றைக்கு வேலை தொடங்கக்கூடாது. எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை.

கேள்வி: கடல் எங்கள் வீட்டிலிருந்து 200 மீற்றர். கறள் பிடிக்காமல் இருக்க ஜிஐ பொக்ஸ் பாரில் சட்டகம் செய்யலாமா? ரோல் பாருக்கு வீட்டில் மிஞ்சிய தண்ணீர்க் குழாய் போதுமா? கட்டி முடித்தால் கடற்கரை மணலில் ஓடலாமா? (நிலாவெளி)

பதில்: மூன்றுக்கும் இல்லை. ஜிஐயின் நாகப் பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாக வரும். அதைச் சுவாசித்தால் அன்றிரவு குளிர் நடுங்கிக் காய்ச்சல் அடிக்கும், வெல்டிங் செய்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒட்டிலும் குமிழி விழும். கறுப்பு இரும்பே வாங்குங்கள். நம் பக்கத்தில் கறள் வெளியிலிருந்து வருவதைவிட உள்ளிருந்து வருவதுதான் அதிகம்: குழாயின் வாய் திறந்திருந்தால் உப்புக் காற்று உள்ளே போய்த் தங்கி, வெளியே பூச்சு பளபளக்க உள்ளே அரித்துவிடும். ஆகவே எல்லா வாயையும் தகடு வைத்து ஒட்டி மூடுங்கள். ரிவெட் அடிக்கத் துளைத்த இடங்களில் உள்ளே மெழுகோ கிரீஸோ விடுங்கள். அலுமினியத் தகட்டை இரும்பில் நேரே படவிடாமல் நடுவில் சீலர் பூசுங்கள், உப்பு ஈரத்தில் அந்த இரண்டும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். வெட்டின துண்டை இரவு வெறுமனே விட்டால் காலையில் சிவந்திருக்கும், அன்றன்றே பிரைமர் அடிக்க வேண்டும்.

ரோல் பார், அதாவது வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் குழாய் வளைவு, அந்த விஷயத்தில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும் வேலை வேண்டாம். தண்ணீர்க் குழாய் தண்ணீர் போவதற்குச் செய்தது. பந்தயக் கார்களுக்கான சர்வதேச விதி பிரதான வளைவுக்குக் கேட்பது, பொருத்தில்லாத கார்பன் உருக்குக் குழாய், 45 மிமீ விட்டம், 2.5 மிமீ தடிப்பு. கெல்மெட் போட்டு இருக்கும்போது தலைக்கு மேலே அது நிற்க வேண்டும். கடற்கரை வலை இழுப்பவர்களுக்கும் குளிப்பவர்களுக்கும் உரியது. அதைவிட, ஒரு தடவை மணலில் ஓடினால் செயினும் பெயாரிங்கும் முடிந்துபோகும்.

கேள்வி: கட்டிய காரில் கிண்ணியாப் பாலத்தைக் கடந்து போக வேண்டும் என்பது என் கனவு. பைக்கின் பதிவுப் புத்தகம் இருக்கிறது, அது போதாதா? (மூதூர்)

பதில்: போதாது. அந்தப் புத்தகம் அந்த மோட்டார் சைக்கிளுக்கு. அதைக் காட்டி நாலு சக்கர வண்டியை வீதியில் ஓட்ட முடியாது, காப்புறுதியும் நிற்காது, நாளைக்கு யாருக்காவது அடிபட்டால் உங்கள் குடும்பம் முழுக்க அதில் மாட்டும். பிரிட்டனில் வீட்டில் கட்டிய ஒவ்வொரு காரையும் தனித்தனியே சோதித்துப் பார்க்கும் முறை இருப்பதால்தான் அங்கே அவை வீதிக்கு வருகின்றன, புகைக்குழாய்ச் சத்தம் 99 டெசிபலுக்கு மேல் போகக்கூடாது என்பது வரை பார்ப்பார்கள். இங்கே இரும்பு வாங்க முன்னமே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் போய்க் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். அது வரும்வரை வளவும் அறுவடை முடிந்த சொந்தக் காணியும்தான். அந்தப் பாலம் 396 மீற்றர், 2009இல் திறந்த நாளிலிருந்து நானும் அதில் நூறு தடவை போயிருக்கிறேன், காற்று முகத்தில் அடிக்க அங்கே போகும் ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது.

கேள்வி: கதிரைக்குப் பின்னால் எஞ்சினை வைத்து, மேலே தகடு மூடினேன். பத்து நிமிடத்தில் சூடேறி இழுவை விழுகிறது. (தம்பலகாமம்)

பதில்: காற்றில் ஆறும் பைக் எஞ்சின் பைக்கில் காற்று நேரே படும் இடத்தில் இருந்தது, நீங்கள் அதை அறைக்குள் பூட்டியிருக்கிறீர்கள். மேல் தகட்டைக் கழற்றுங்கள், இரண்டு பக்கத்திலும் காற்று வாங்கும் வாயை வைத்து, அந்தக் காற்று சிலிண்டரின் இதழ்களுக்குள்ளால் போகும்படி தகட்டால் வழி செய்யுங்கள். போதாவிட்டால் ஒரு சின்னக் கார் ரேடியேட்டர் ஃபேன்.

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 17 வயது. சாதாரண தரம் நல்லாகச் செய்தான், இப்போது எந்நேரமும் இந்தக் கார் விசர்தான். மறிக்கவா, விடவா? எனக்கு இரும்பு வேலை ஒன்றும் தெரியாது. (அன்புவழிபுரம், ஒரு தாய்)

பதில்: அம்மா, மறிக்க வேண்டாம். அந்த வயதில் ஒரு பிள்ளை அளவு எடுத்து, கணக்குப் போட்டு, பிழைத்ததைத் திரும்பச் செய்யப் பழகுகிறான் என்றால் அது பெரிய காரியம். ஆனால் தனியே விட வேண்டாம், வெல்டிங் தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணாடி இல்லாமல் கிரைண்டரைத் தொடக்கூடாது.

உங்களுக்கு இரும்பு வேலை தெரியாது என்கிறீர்கள், பரவாயில்லை, நீங்களே பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்லித் தருகிறேன். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் பிரேக்கைக் காட்டச் சொல்லுங்கள். பிரேக் எண்ணெய் இரண்டு தனி வழிகளில் போக வேண்டும், ஒன்று முன்னுக்கு, ஒன்று பின்னுக்கு. ஒரே வழியாக இருந்தால் ஒரு குழாய் வெடித்தாலே எல்லாம் போய்விடும். பழைய சின்னக் காரின் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் போட்டால் அது சரியாகும். அதன் ரப்பர் வாஷர்கள் புதிதாக இருக்க வேண்டும், ரசீதைக் கேளுங்கள். பிறகு நீங்களே கதிரையில் ஏறி இருந்து, பெடலை உங்களால் முடிந்த முழுப் பலத்தோடு ஒரு நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. பெடலைத் தாங்கும் தகடு வளைந்தால் அதைப் பெரிதாக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால், வளவில் ஒரு கோடு கீறி, நடக்கிற வேகத்தில் வந்து சட்டென்று நிறுத்தச் சொல்லுங்கள். பின் சக்கரம் முதலில் இறுகி வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் இழுபட்டால் பின் பிரேக்கைக் குறைக்க வேண்டும், முன் சக்கரம் எப்போதும் முதலில் இறுக வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி அதையே பத்துத் தடவை செய்யட்டும்.

அதோடு, அவன் ஒட்டிய முதல் டி துண்டை நடுவால் அறுத்து எனக்கு அனுப்பி வைக்கச் சொல்லுங்கள், அம்மா. பார்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.